எம்.டி. தன் பங்கை விற்றால் நாமும் விற்க வேண்டுமா?

கையில் வைத்திருக்கும் பங்கில் மேலாண்மை இயக்குநரும் இன்னோர் இயக்குநரும் சந்தையில் விற்றதாக அறிவிப்பு வருகிறது. உள்ளே இருப்பவரே விற்கிறார் என்றால் நாமும் வெளியேற வேண்டியதுதானே என்பது கேள்வி.

விற்றார் என்ற ஒரு செய்தியை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். எந்த வழியில் விற்றார், தன்னிடம் இருந்ததில் எவ்வளவு விற்றார், வழக்கமாக விற்பவரா, அவரோடு சேர்ந்து வேறு யாரெல்லாம் விற்றார்கள் என்ற நான்கும் தெரிந்தால்தான் அந்தச் செய்திக்கு உருவம் கிடைக்கும். அப்படிப் பார்த்தால் பெரும்பாலான விற்பனைகளில் நமக்கு எந்தத் தகவலும் இல்லை என்று புரியும். மிச்சமிருக்கும் சில விற்பனைகள் உண்மையிலேயே ஆபத்தானவை. இந்தச் சிலவற்றைப் பிரித்தெடுக்கத் தேவையான எல்லாமே பொதுவெளியில் இலவசமாகக் கிடைக்கிறது.

முதலில் இரண்டு நிஜ நிகழ்வுகள். இண்டிகோ விமான நிறுவனத்தின் இணை நிறுவனர் ராகேஷ் கங்வால் 2022 பிப்ரவரியில் இயக்குநர் பதவியிலிருந்து விலகி, அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் குடும்பப் பங்கைப் படிப்படியாகக் குறைப்பேன் என்று அறிவித்தார். அப்போது குடும்பத்திடம் 36 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. 2022 செப்டம்பரில் முதல் விற்பனை; பிறகு 2023இல் இரண்டு தடவை, 2024இல் இரண்டு தடவை, 2025 மே மாதத்தில் மறுபடியும். முதல் விற்பனையின்போது பங்கு விலை 1,900 ரூபாய்க்குச் சற்றுக் கீழே இருந்தது. 2025 மே விற்பனையின்போது 5,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. நிறுவனர் விற்கிறார் என்று 2022இல் பயந்து வெளியேறியவர் இந்த ஏற்றம் முழுவதையும் இழந்தார். அந்த விற்பனைக்குக் காரணம் இன்னொரு நிறுவனரான ராகுல் பாட்டியாவுடன் 2019இலேயே வெளிப்படையாக வெடித்த பிணக்கு. விமானத் தொழிலின் எதிர்காலத்தைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் இருப்பது இண்டஸ்இண்ட் வங்கி. 2025 மார்ச் 10 அன்று தன் டெரிவேட்டிவ் (நாணயம், வட்டி போன்றவற்றின் ஏற்ற இறக்கத்தைச் சார்ந்த ஒப்பந்தங்கள்) கணக்குகளில் முரண்பாடு இருப்பதாக வங்கி அறிவித்தது. மறுநாளே பங்கு சுமார் 27 சதவீதம் சரிந்தது. மே 28 அன்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி பிறப்பித்த இடைக்கால உத்தரவில், அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி சுமந்த் கத்பாலியா, துணைத் தலைமைச் செயல் அதிகாரி அருண் குரானா உட்பட ஐந்து பேர், இந்தப் பிரச்சினை உள்ளுக்குள் தெரிந்திருந்த காலத்தில் பங்குகளை விற்றுச் சரிவிலிருந்து தப்பித்தார்கள் என்று குற்றம் சாட்டி, 19.78 கோடி ரூபாயை முடக்கியது. இடைக்கால உத்தரவு என்பது குற்றச்சாட்டு நிலைதான், இறுதித் தீர்ப்பு அல்ல. ஆனால் முதலீட்டாளர் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தொகையை வைத்துப் பார்த்தால் இண்டிகோ விற்பனைகள் ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான கோடி. வங்கி அதிகாரிகள் விற்றது அதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. விற்பனைத் தொகைக்கும் அதற்குள் இருக்கும் ஆபத்துக்கும் சம்பந்தமில்லை.

இனி, அறிவிப்பைப் படிப்பது. என்எஸ்இ பங்குச் சந்தையின் இணையதளத்தில் கார்ப்பரேட் ஃபைலிங்ஸ் பகுதியில் இன்சைடர் டிரேடிங் என்ற பக்கம் இருக்கிறது. இன்னொரு பங்குச் சந்தையான பிஎஸ்இயிலும் ஒவ்வொரு கம்பெனிப் பக்கத்தின் கீழும் உண்டு. செபியின் 2015ஆம் ஆண்டு உள்வணிகத் தடுப்பு விதிகளின்படி, புரமோட்டரோ (கம்பெனியைத் தொடங்கிய அல்லது கட்டுப்படுத்தும் தரப்பு) இயக்குநரோ முக்கிய அதிகாரியோ ஒரு காலாண்டில் செய்த வர்த்தகத்தின் மொத்த மதிப்பு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் இரண்டு வர்த்தக நாட்களுக்குள் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும். கம்பெனி அடுத்த இரண்டு வர்த்தக நாட்களுக்குள் பங்குச் சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் சி என்பது இதற்குரிய படிவம். நான்கு வர்த்தக நாட்கள் வரை தாமதம் இருக்கலாம் என்பதால், அறிவிப்பு வந்த தேதியை விட்டுவிட்டு விற்ற தேதியைப் பாருங்கள். விலை வரைபடத்தோடு ஒப்பிட வேண்டியது விற்ற தேதியைத்தான்.

படிவத்தில் முதலில் பார்க்க வேண்டிய கட்டம் எந்த முறையில் கைமாறியது என்பது. சந்தையில் விற்பனை, சந்தைக்கு வெளியே மாற்றம், புரமோட்டர்களுக்குள் மாற்றம், பரிசு, ஈசாப் (முன்பே குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமையை, அதாவது ஆப்ஷனை, ஊழியர்களுக்குத் தரும் திட்டம்), அடமானம், அடமான விடுவிப்பு, அடமானப் பங்கைக் கடன் கொடுத்தவர் எடுத்துக்கொள்வது எல்லாமே ஒரே பட்டியலில்தான் வரும். பல செயலிகளும் செய்தித் தளங்களும் இவற்றைப் பிரிக்காமல் மொத்தமாகக் கூட்டி 'உள்ளிருப்பவர்கள் விற்பனை' என்று ஒரு எண்ணைக் காட்டுகின்றன. அப்பா தன் பங்கைக் குடும்ப டிரஸ்டுக்கு மாற்றினால் அதிலும் ஒரு பக்கம் விற்பனை, மறுபக்கம் வாங்கல் என்றுதான் தெரியும். மூலப் படிவத்தைத் திறந்து, சந்தையில் விற்றது மட்டும் எது என்று தனியாக எடுத்த பிறகே அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

அடுத்தது ஈசாப். சம்பளம் வாங்கும் அதிகாரிகளின் விற்பனையில் பெரும்பகுதி இங்கிருந்துதான் வருகிறது, குழப்பமும் இங்கேதான் அதிகம். ஓர் அதிகாரிக்கு 200 ரூபாய் விலையில் 10,000 ஆப்ஷன்கள் இருக்கின்றன, சந்தை விலை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆப்ஷனைப் பயன்படுத்தும் அன்றே 80 லட்சம் ரூபாய் அவருடைய சம்பள வருமானமாகக் கணக்கிடப்படும். பங்கை அவர் விற்காவிட்டாலும் வரி உண்டு. கம்பெனி டிடிஎஸ் பிடித்தாக வேண்டும். மேல்மட்ட வரி அடுக்கில் சர்சார்ஜ், செஸ் சேர்த்துச் சுமார் 36 சதவீதம் என்றால் வரி மட்டும் 28.8 லட்சம். பங்குக்கான விலை 20 லட்சம். ஆக 48.8 லட்சம் ரூபாய் கையிலிருந்து போக வேண்டும். 1,000 ரூபாய் விலையில் அதற்கு ஏறக்குறைய 4,900 பங்குகளை விற்க வேண்டும். எனவே ஈசாப்பில் கிடைத்ததில் பாதியை விற்றவர் கம்பெனி மீது எந்தக் கருத்தும் சொல்லவில்லை, பில் கட்டியிருக்கிறார். கிடைத்ததை முழுக்க விற்றவர் அதற்கு ஒரு படி மேலே. கிடைத்ததோடு பல வருடமாகக் கையில் இருந்த பழைய பங்கையும் சேர்த்து விற்றவர்தான் நின்று கவனிக்க வேண்டிய ஆள்.

ஈசாப் விலைக்கும் சந்தை விலைக்கும் இடைவெளி எவ்வளவு என்பது ஆண்டறிக்கையின் ஈசாப் இணைப்பில் இருக்கும். இடைவெளி சிறிதாக இருந்தால் வரிச்சுமையும் சிறிது. அப்போது பாதி விற்பனைக்கு வரி காரணம் சொல்ல முடியாது. மேலே போட்ட கணக்கை உங்கள் கம்பெனியின் எண்களை வைத்து ஒரு தடவை போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

விற்ற காலத்தைப் பற்றி ஒரு தவறான புரிதல் பரவலாக இருக்கிறது. 'நல்ல ரிசல்ட் வந்த மூன்றாம் நாளே விற்றுவிட்டார், உச்சத்தில் தள்ளிவிட்டார்' என்று எழுதுவார்கள். ஆனால் விதிப்படி காலாண்டு முடிந்த நாளிலிருந்து முடிவுகள் வெளியாகி 48 மணி நேரம் ஆகும் வரை டிரேடிங் விண்டோ, அதாவது உள்ளிருப்பவர்கள் வர்த்தகம் செய்ய அனுமதிக்கப்பட்ட காலம், மூடியிருக்கும். ஜூன் காலாண்டு முடிவு ஜூலை 25 அன்று வந்தால் ஜூலை 27க்கு மேல்தான் விற்க முடியும். செப்டம்பர் 30 முடிந்ததும் மறுபடி மூடிவிடும். ஆண்டு முடிவுகளுக்கு 60 நாள் அவகாசம் இருப்பதால் ஏப்ரலும் மே மாதத்தின் பெரும்பகுதியும் பல கம்பெனிகளில் முழுக்க மூடிய காலம். அதனால் முடிவுகள் வந்ததும் விற்பனைகள் குவிவது நாட்காட்டியின் விளைவு. விண்டோ திறந்திருந்தாலும் கம்பெனியில் விதிகளைக் கண்காணிக்கும் கம்ப்ளையன்ஸ் அதிகாரியிடம் முன் அனுமதி வாங்க வேண்டும், விலையைப் பாதிக்கக்கூடிய வெளியாகாத தகவல் கையில் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அனுமதி கிடைத்தபின் ஏழு வர்த்தக நாட்களுக்குள் விற்று முடிக்க வேண்டும்.

விண்டோ திறந்த உடனே விற்பதைவிட, மூடுவதற்கு முந்தைய கடைசி வாரத்தில் விற்பதே எனக்கு அதிகம் உறுத்தும். காலாண்டு எப்படி முடியப்போகிறது என்பது அந்த நேரத்தில் மேல்மட்ட அதிகாரிகளுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். செப்டம்பர் கடைசி வாரத்தில் விற்று, அக்டோபரில் மோசமான முடிவு வந்தால் அதைக் குறித்து வையுங்கள். ஒரு தடவை நடந்தால் தற்செயலாக இருக்கலாம். அதே நபர் இரண்டாவது தடவையும் அப்படிச் செய்தால் அவர் நடத்தும் கம்பெனியில் பணம் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இதோடு ஒட்டி இன்னொரு விதி: விற்றவர் அடுத்த ஆறு மாதத்துக்குத் திரும்ப வாங்கக் கூடாது. மீறினால் கிடைத்த லாபம் செபியின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போகும். அதனால், விலை இறங்கியதும் வாங்கிக்கொள்ளலாம் என்று குறுகிய காலக் கணக்கில் ஓர் இயக்குநர் விற்பது அரிது. விற்பனையை அடுத்த மாத விலையைப் பற்றிய கணிப்பாக எடுத்துக்கொள்வது பொருந்தாது.

விகிதத்துக்கு வருகிறேன். படிவம் சியில் வரும் சதவீதம் கம்பெனியின் மொத்தப் பங்கில் எத்தனை சதவீதம் என்பது. '0.05 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்தது' என்று பார்த்ததும் தூசு போலத் தெரியும். அந்த நபரின் கையிருப்பில் அது 60 சதவீதம். விற்பனைக்கு முன் இருந்த எண்ணிக்கை, பின் இருக்கும் எண்ணிக்கை இரண்டும் படிவத்திலேயே இருக்கின்றன, வகுத்துப் பாருங்கள். பிறகு இன்னும் பயன்படுத்தாத ஆப்ஷன்களையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். 50,000 பங்கில் 30,000 விற்ற அதிகாரியிடம் இன்னும் 3 லட்சம் ஆப்ஷன்கள் இருந்தால் அவருடைய செல்வம் இன்னும் கம்பெனியோடுதான் கட்டுண்டிருக்கிறது. மனைவி, கணவர், குடும்ப டிரஸ்ட், குடும்ப முதலீட்டு நிறுவனம் ஆகியவற்றின் பெயரில் இருப்பதையும் பார்க்க வேண்டும். புரமோட்டர் விஷயத்தில் தனிநபர் எண்ணைப் பார்ப்பதைவிடப் புரமோட்டர் குழுவின் மொத்தத்தைப் பார்ப்பதே சரி. காலாண்டு முடிந்து 21 நாட்களுக்குள் வெளியாகும் பங்குதாரர் பட்டியலில் அது பெயர் வாரியாக இருக்கும்.

கையிருப்பில் இத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் அபாயம் என்று சட்டம் எதுவும் சொல்லவில்லை. என் அளவுகோல் இது: ஈசாப் வரிக்கான பகுதியைக் கழித்த பிறகு, ஒரு வருடத்தில் தன் மொத்தப் பிடியில் 10 சதவீதத்துக்குள் விற்றால் கடந்து போவேன், 25 சதவீதத்தைத் தாண்டினால் காரணம் தேடுவேன், பாதிக்கு மேல் போய், காரணமும் வெளியே சொல்லப்படவில்லை என்றால் என் முதலீட்டை முதலிலிருந்து மறுபடி சோதிப்பேன்.

அந்த நபரின் பழக்கமும் முக்கியம். இதை முறையாக ஆராய்ந்தவர்கள் உண்டு. லாரன் கோஹென், கிறிஸ்டோபர் மல்லாய், லூகாஸ் பொமோர்ஸ்கி மூவரும் அமெரிக்கத் தரவை வைத்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஒரே மாதத்தில் வர்த்தகம் செய்பவர்களை 'வழக்கமானவர்கள்' என்று தனியே பிரித்தார்கள். அவர்களுடைய வர்த்தகத்தில் பிற்கால விலையைப் பற்றிய தகவல் ஏறக்குறைய ஏதும் இல்லை. வழக்கத்துக்கு மாறாக நடந்தவற்றில்தான் தகவல் இருந்தது. இதை நம் சந்தைக்கு அப்படியே செய்து பார்க்கலாம். என்எஸ்இ பக்கத்தில் கம்பெனி பெயரைப் போட்டு மூன்று ஆண்டுத் தரவை இறக்கி, அந்த ஒரு நபரின் பெயரை வடிகட்டுங்கள். ஒவ்வொரு பிப்ரவரியிலும் கொஞ்சம் விற்பவர் இந்தப் பிப்ரவரியிலும் விற்றால் அது செய்தியே இல்லை. பத்து வருடம் ஒரு பங்கும் விற்காதவர் முதல் தடவையாக விற்றால், தொகை சிறிதானாலும் அது செய்தி.

கூட்டமாக விற்பது தனி ஆள் விற்பதைவிடக் கனமானது. மகள் திருமணமும் வீடு வாங்குவதும் நான்கு அதிகாரிகளுக்கு ஒரே மாதத்தில் வருவதில்லை. தலைமைச் செயல் அதிகாரி, தலைமை நிதி அதிகாரி, விற்பனைப் பிரிவுத் தலைவர் என்று மூன்று பேர் ஒரே விண்டோவில், ஈசாப் ஒதுக்கீடு எதுவும் இல்லாமல், பழைய பங்கை விற்றால் அதைவிடத் தெளிவான எச்சரிக்கை படிவங்களில் கிடைக்காது. ஆனால் மூவருக்கும் ஒரே நாளில் ஈசாப் முதிர்ந்திருக்கிறதா (பயன்படுத்தும் உரிமை வந்திருக்கிறதா) என்று முதலில் பார்த்துவிடுங்கள். பல கம்பெனிகளில் ஒரே தேதியில் முதிர்வதால் ஒரே வாரத்தில் எல்லோரும் விற்பது போலத் தோன்றும். பதவிகளில் தலைமை நிதி அதிகாரியின் விற்பனைக்கு நான் கூடுதல் எடை கொடுப்பேன். வரவேண்டிய பாக்கி, கையிருப்புச் சரக்கு, கடன் தவணை எல்லாம் முதலில் அவர் மேசைக்குத்தான் வரும். அவர் விற்றுவிட்டு ராஜினாமாவும் செய்தால் அடுத்த முடிவுகள் வரும் வரை புதிதாக ஒரு பங்கும் சேர்க்காதீர்கள்.

புரமோட்டர் விற்பனையில் சட்டக் கட்டாயமும் இருக்கும். பட்டியலிட்ட கம்பெனியில் பொதுமக்கள் கையில் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். டிமார்ட் கடைகளை நடத்தும் அவென்யூ சூப்பர்மார்ட்ஸ் 2017 மார்ச்சில் 299 ரூபாய் வெளியீட்டு விலையில் பட்டியலுக்கு வந்தபோது புரமோட்டர் பங்கு 80 சதவீதத்துக்கும் மேல். அதை 75க்குக் கொண்டுவரத்தான் அதன் நிறுவனர் ராதாகிஷண் தமானி தரப்பு 2020 பிப்ரவரியில் பங்குகளை விற்றது. இந்த வகை விற்பனை சந்தை வழியாக வெளிப்படையாக அறிவித்து நடக்கும், எத்தனை சதவீதத்தில் நிற்கும் என்பதும் முன்கூட்டியே தெரியும். தொடக்க நிலைக் கம்பெனிகளில் முதலீடு செய்யும் வென்ச்சர் ஃபண்டுகள் நியமித்த இயக்குநர் இருக்கும் கம்பெனியில் அந்த ஃபண்டு விற்பதும் இப்படித்தான். ஃபண்டின் ஆயுள் முடியும்போது நல்ல கம்பெனியையும் விற்றுத்தான் ஆக வேண்டும்.

இதற்கு மாறாக, அடமானம் சம்பந்தப்பட்ட விற்பனையில் சலுகையே காட்டக் கூடாது. யெஸ் வங்கியின் இணை நிறுவனர் ராணா கபூர் தன் பங்குகளை ஒருபோதும் விற்க மாட்டேன் என்று 2018இல் பகிரங்கமாகச் சொன்னவர். அவருடைய குடும்ப நிறுவனங்கள் அந்தப் பங்கின் பலத்தில் கடன் வாங்கியிருந்தன. விலை இறங்க இறங்கக் கடன் கொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கட்ட வேண்டிய நெருக்கடி வந்து, 2019 நவம்பருக்குள் ஏறக்குறைய எல்லாமே விற்றுப் போனது. 2020 மார்ச் 5 அன்று வங்கியின் மீது மோரட்டோரியம், அதாவது பணம் எடுக்கக் கட்டுப்பாடு, வந்தது. அடமான விற்பனை புரமோட்டரின் விருப்பத்தைச் சொல்வதில்லை, அவருடைய பணமுடையைச் சொல்கிறது. விலை இறங்கினால் கூடுதல் பங்கை அடமானம் வைக்க வேண்டும்; வைக்கப் பங்கு தீர்ந்தால் கடன் கொடுத்தவர் விற்பார்; அந்த விற்பனையே விலையை இன்னும் இறக்கும். பங்குதாரர் பட்டியலில் அடமானம் வைத்த சதவீதம் தனிக் கட்டமாக இருக்கும். புரமோட்டர் பிடியில் பாதிக்கு மேல் அடமானத்தில் இருந்து, அது காலாண்டுக்குக் காலாண்டு ஏறுகிறது என்றால் விற்பனை அறிவிப்புக்குக் காத்திருக்கவே வேண்டாம்.

முன்கூட்டியே திட்டம் கொடுத்து விற்கும் வழியும் நம் விதிகளில் உண்டு. டிரேடிங் பிளான் என்று பெயர். முன்பு திட்டம் வெளியானதிலிருந்து ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். 2024இல் செய்த திருத்தத்தால் அது 120 நாளாகக் குறைந்தது. விலை வரம்பும் வைத்துக்கொள்ளலாம், விற்பனைக்கு அது திட்டம் கொடுத்ததற்கு முந்தைய நாள் முடிவு விலையிலிருந்து 20 சதவீதம் கீழே வரை. இந்தத் திட்டப்படி நடந்த விற்பனையைப் பார்த்தால், விற்ற நாளைப் பற்றி யோசிக்காமல் திட்டம் தாக்கல் செய்த நாளில் கம்பெனி எப்படி இருந்தது என்று பாருங்கள். முடிவு எடுக்கப்பட்டது அன்றுதான்.

அமெரிக்கப் பங்கு வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். அங்கே உள்ளிருப்பவர்களின் வர்த்தகத்தை அறிவிக்கும் ஃபார்ம் 4 இரண்டு வேலை நாட்களுக்குள் வந்துவிடும், ஒவ்வொரு வரிக்கும் ஓர் எழுத்துக் குறியீடு இருக்கும். எஸ் என்றால் சந்தையில் விற்பனை. எஃப் என்றால் வரிக்காகக் கம்பெனியே பிடித்துக்கொண்டது. எம் என்றால் ஆப்ஷனைப் பயன்படுத்தியது. ஜி என்றால் பரிசு. எஃப் வரிகளை விற்பனையாக எண்ணவே கூடாது. முன்திட்டமான 10பி5-1இன்படி விற்றதா என்பதற்கு 2023 ஏப்ரல் முதல் படிவத்திலேயே ஒரு டிக் கட்டம் இருக்கிறது, திட்டம் போட்ட தேதி அடிக்குறிப்பில் இருக்கும்.

படிவங்களில் தெரியாதவையும் உண்டு. காலாண்டுக்கு 10 லட்சத்துக்குள் விற்றால் அறிவிக்கத் தேவையில்லை. இயக்குநராகவோ முக்கிய அதிகாரியாகவோ இல்லாத கீழ்மட்ட மேலாளர்கள், சப்ளையர்கள், நண்பர்கள் பெயரில் நடப்பதும் இங்கே வராது. பெரிய விற்பனைகளில் யார் வாங்கினார்கள் என்பதும் படிவம் சியில் இல்லை. அதற்குப் பங்குச் சந்தைகள் அன்றாடம் வெளியிடும் பல்க் டீல், பிளாக் டீல் (பெரிய அளவு வர்த்தகங்கள்) பட்டியலைப் பார்க்க வேண்டும். கம்பெனியின் மொத்தப் பங்கில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஒரே நாளில் ஒருவர் வாங்கினாலோ விற்றாலோ பல்க் டீலில் பெயரோடு வரும். புரமோட்டர் விற்றதைப் பெரிய மியூச்சுவல் ஃபண்டுகள் வாங்கியிருப்பதும், பெயர் தெரியாத நான்கு சிறு நிறுவனங்கள் பிரித்து வாங்கியிருப்பதும் ஒன்றல்ல.

இவ்வளவும் பார்த்த பிறகும் சந்தேகம் தீரவில்லை என்றால் கம்பெனியிடமே கேளுங்கள். கம்பெனி செக்ரட்டரியின் மின்னஞ்சல் பெரும்பாலான அறிவிப்புகளில் இருக்கும். முடிவுகளுக்குப் பிறகு நிர்வாகம் முதலீட்டாளர்களோடு தொலைபேசியில் பேசும் காலாண்டு கான்காலில், பல கம்பெனிகளில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்க வரிசையில் நிற்கலாம். கேள்வியை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்: இந்த விற்பனை எதற்காக, அடுத்த 12 மாதத்தில் இன்னும் விற்கும் எண்ணம் உண்டா. 'தனிப்பட்ட தேவை' என்ற பதில் வந்தால் அதை அப்படியே குறித்துக்கொண்டு, அடுத்த நான்கு காலாண்டுப் படிவங்களோடு ஒப்பிட்டு வாருங்கள். இனி விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு மூன்றாம் மாதமே விற்றவர்கள் கணக்கு வழக்கில் சொல்வதையும் நம்ப முடியாது. அந்த இடத்தில் நான் விலை என்ன என்று பார்க்காமல் வெளியேறுவேன்.